வைப்பை உடைத்து ஸ்டோரேஜ் பயிற்சிக்குப் போகலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 36. சோழிங்கநல்லூரில் ஒரு நிறுவனத்தில் 11 ஆண்டுகளாக ஸ்டோரேஜ் (தரவுச் சேமிப்பு) நிர்வாகியாக இருக்கிறேன். எங்களிடம் இருப்பவை பெரும்பாலும் நெட்ஆப் நிறுவனத்தின் சேமிப்புக் கருவிகள். பிடித்தம் போக மாதம் 92,000 ரூபாய் கைக்கு வருகிறது. புதிய வரி முறையில் 20 சதவீத அடுக்கில் இருக்கிறேன். வீட்டுக் கடன் தவணை 31,000 உட்பட மாதச் செலவு 70,000. வங்கி வைப்பில் 2.4 லட்சம் இருக்கிறது. அவசரத்துக்கு வேறு பணம் இல்லை. அந்தக் கருவிகளின் உற்பத்தி நிறுவனம் நடத்தும், சான்றிதழ் தேர்வுக்குத் தயாராக்கும் ஐந்து நாள் உயர்நிலைப் பயிற்சி ஒன்றில் சேர ஆசை. கட்டணம் 1.5 லட்சம், ஜிஎஸ்டி தனி. மேலாளர், "இந்த ஆண்டு பட்ஜெட்டில் இடமில்லை" என்கிறார். வைப்பை உடைப்பதா, 14 சதவீத வட்டியில் தனிநபர் கடன் வாங்குவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். பயிற்சி வீண் என்பதால் இப்படிச் சொல்லவில்லை. அதற்குப் பணம் கட்ட வேண்டியவர் நீங்கள் இல்லை.

18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் நீங்கள் கட்டப்போவது 1,77,000 ரூபாய். வரி கட்டிய பிறகு கையில் இவ்வளவு மிஞ்ச வேண்டுமென்றால், செஸ் உட்பட 20.8 சதவீத வரி விகிதத்தில், சம்பளமாகச் சுமார் 2.23 லட்சம் ஈட்டியாக வேண்டும். இதே பயிற்சிக்கு உங்கள் நிறுவனம் பணம் கட்டினால் கணக்கே வேறு. ஜிஎஸ்டி பதிவு உள்ள நிறுவனம் அந்த 27,000 ரூபாயைப் பொதுவாக உள்ளீட்டு வரி வரவாக, அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுத்துக்கொள்ளும். மீதி 1.5 லட்சம் வணிகச் செலவாகக் கழியும். ஊழியரின் பயிற்சிக்கு நிறுவனம் செய்யும் செலவு உங்கள் வருமானத்திலும் சேராது. நிறுவனத்துக்கு மலிவாகக் கிடைப்பதை நீங்கள் ஏன் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விலைக்கு வாங்க வேண்டும்? அதுவும் நிறுவனத்தின் கருவிகளை நன்றாக ஓட்டுவதற்காக!

கடன் வாங்கினால் இரண்டு ஆண்டுத் தவணை மாதம் சுமார் 8,500 ரூபாய். வட்டி மட்டும் 27,000. தனிநபர் கடனுக்குக் கல்விக் கடன் வட்டிக் கழிவு கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவருக்கு அந்தப் பேச்சே இல்லை. வைப்பை உடைத்தால் மிஞ்சுவது 63,000, அதாவது ஒரு மாதச் செலவுக்கும் காணாது. ஆள்குறைப்பு எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாத துறையில், வீட்டுக் கடனும் உள்ளவர் ஆறு மாதச் செலவையாவது கையில் வைத்திருக்க வேண்டும். உங்களுக்கு அது 4.2 லட்சம். இப்போதே பாதியைச் சற்றுத் தாண்டித்தான் இருக்கிறது.

சரி, சம்பளம் உயருமா? இந்தச் சான்றிதழ் யாருக்குப் பணமாகிறது என்று பாருங்கள். கருவிகளை விற்று, நிறுவிக் கொடுக்கும் கூட்டாளி நிறுவனங்களுக்குச் சான்றிதழ் பெற்ற ஆட்கள் தலைக்கணக்கில் தேவை. உற்பத்தி நிறுவனம் தரும் கூட்டாளி அந்தஸ்தைத் தக்கவைக்க அது ஒரு நிபந்தனை. அங்கே சான்றிதழுக்கு மதிப்பு உண்டு, பல நேரங்களில் அவர்களே செலவழித்துப் படிக்கவும் அனுப்புகிறார்கள். உங்களைப் போல் கருவியை வாங்கிப் பயன்படுத்தும் நிறுவனத்தில் இருப்பவருக்குச் சான்றிதழுக்காகவே சம்பளம் கூட்டித் தருவது அரிது. வரி போக மாதம் 8,000 கூடுதலாகக் கிடைத்தாலும் போட்ட பணம் திரும்ப 22 மாதம் ஆகும். கடன் வட்டியையும் சேர்த்தால் இரண்டு ஆண்டுக்கும் மேல். கையில் வேலை உத்தரவும், அதில் "இந்தச் சான்றிதழ் இருந்தால் இவ்வளவு" என்ற வரியும் இருந்தால் என் பதிலை மாற்றிக்கொள்வேன். பயிற்சி மைய விற்பனையாளர் சொல்லும் சம்பளக் கணக்கை மட்டும் நம்ப மாட்டேன்.

இந்த அறிவு எத்தனை நாள் தாங்கும் என்பதும் முக்கியம். நெட்ஆப் கருவிகளை இயக்கும் ஆன்டாப் மென்பொருளின் பழைய 7-மோட் முறையில் கரை கண்டவர்கள், 8.3 பதிப்பில் அந்த முறையே கைவிடப்பட்டபோது, பல கருவிகளை ஒன்றாக இணைத்து இயக்கும் கிளஸ்டர் முறையைப் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. ஸ்டோரேஜ் நிறுவனமான இஎம்சியை டெல் வாங்கிய 2016-க்குப் பிறகு அதன் யூனிட்டி கருவியைப் படித்தவர்கள், 2020-இல் பவர்ஸ்டோர் என்ற புதிய கருவி வந்ததும் மறுபடி வகுப்புக்குப் போனார்கள். உங்கள் பக்கம் ஒரு நல்ல செய்தியும் உண்டு: 2021 முதல் அமேசானின் மேகக் கணிமையிலும் ஆன்டாப் ஒரு சேவையாகக் கிடைக்கிறது. எனவே ஆன்டாப் அறிவு கருவி அறையோடு முடிந்துவிடாது. இருந்தாலும் ஃபைபர் சேனல் ஸோனிங் (எந்த சர்வர் எந்தச் சேமிப்பை அணுகலாம் என்று வரையறுப்பது), மல்டிபாத் (ஒரு பாதை அறுந்தாலும் மாற்றுப் பாதை), ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்துத் தரவின் நிலைப்பதிவு), ரெப்ளிகேஷன் (வேறிடத்தில் நகல்), பேரிடர் மீட்பின் அடிப்படை ஆகியவைதான் எந்த நிறுவனத்தின் பெட்டியைத் தொட்டாலும் உங்களோடு வருபவை. சொந்தப் பணத்தை அங்கே போடுங்கள்.

அதற்கு அதிகம் செலவாகாது. உங்கள் நிறுவனத்துக்கு நெட்ஆப் ஆதரவு ஒப்பந்தம் இருந்தால், அந்தக் கணக்கின் வழியாக, கருவி இல்லாமல் கணினியிலேயே பழக உதவும் ஆன்டாப் சிமுலேட்டர் கிடைக்குமா என்று பாருங்கள். பல கணினிகளின் வட்டுகளை ஒரே சேமிப்பாக இணைக்கும் செஃப் (Ceph) திறமூல மென்பொருள், யாரும் இறக்கிப் பயன்படுத்தலாம். வீட்டுக் கணினியில் மூன்று மெய்நிகர் இயந்திரங்களில் அதை ஏற்றி, ஒன்றை வேண்டுமென்றே நிறுத்தி, மற்றவை எப்படிச் சமாளிக்கின்றன என்று பாருங்கள். தேர்வுக் கட்டணத்தை வேண்டுமானால் உங்கள் கையிலிருந்து கட்டுங்கள். பயிற்சிக் கட்டணத்தில் தேர்வு அடங்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அடங்கும் என்று நினைத்து ஏமாறுபவர்கள் உண்டு.

மேலாளரிடம் மீண்டும் போங்கள், ஆனால் வேறு கேள்வியோடு. கருவி வாங்கும்போதே பயிற்சி வரவுகளையும் (பின்னர் பயிற்சிக்குப் பயன்படுத்த முன்கூட்டியே வாங்கி வைப்பவை) சேர்த்து வாங்கும் வழக்கம் பெரிய நிறுவனங்களில் உண்டு. குறிப்பிட்ட காலத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அவை காலாவதியாகும். பல அலுவலகங்களில் அப்படியே காலாவதியும் ஆகின்றன. கொள்முதல் பிரிவில் விசாரியுங்கள். இல்லையென்றால் அடுத்த கருவி வாங்கும் பேச்சோ ஆதரவு ஒப்பந்தப் புதுப்பிப்போ வரும்போது, இரண்டு பேருக்குப் பயிற்சியையும் விலைப்பேச்சில் சேர்க்கச் சொல்லுங்கள். பல லட்ச ரூபாய் பேரத்தில் விற்பவர் எளிதாக விட்டுக்கொடுக்கும் பொருள் அதுதான். கருவி மாற்றமோ பேரிடர் மீட்பு ஒத்திகையோ நெருங்கும் மாதத்தில் கேட்டால் இன்னும் நல்லது. படித்ததை உடனே கையாளாவிட்டால் உயர்நிலைப் பாடம் மூன்று மாதத்தில் மறந்துபோகும்.

நிறுவனம் ஒத்துக்கொண்டால், பயிற்சிக்குப் பின் குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் தர வேண்டும் என்ற ஒப்பந்தப் பத்திரம் நீட்டுவார்கள். "இதெல்லாம் நீதிமன்றத்தில் நிற்காது" என்று நண்பர்கள் சொல்வதைக் கேட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று ஆண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே தொகை உண்மையான பயிற்சிச் செலவைத் தாண்டக் கூடாது, ஓராண்டுக்கு மேல் கட்டிப்போடக் கூடாது, பணிபுரிந்த ஒவ்வொரு மாதத்துக்கும் தொகை குறைந்துகொண்டே வர வேண்டும், நிறுவனமே ஆட்குறைப்பு செய்தால் எதுவும் தர வேண்டியதில்லை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.