சர்க்கரை அளவு காட்டும் சென்சார் ஒட்டிய இடத்தில் அரிப்பா? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, இரண்டு வருஷமாக ஒரே சென்சாரைத்தான் போடுகிறேன். ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. இப்போது கழற்றினால் அந்த இடம் சிவந்து, சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள். இத்தனை நாள் ஒத்துக்கொண்டது திடீரென்று எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்?

பதில்: அலர்ஜியின் சுபாவமே அதுதான். பசையில் இருக்கும் ஏதோ ஒரு பொருள் திரும்பத் திரும்பத் தோலில் பட்டு, ஒரு கட்டத்தில் உடம்பு அதை ஆகாதது என்று முடிவு கட்டிவிடும். அதற்கு மாதங்களும் ஆகலாம், வருஷங்களும் ஆகலாம். அப்புறம் ஒவ்வொரு முறையும் சீக்கிரமே கிளம்பும்.

எல்லாச் சிவப்பும் அலர்ஜி இல்லை. வியர்வை, உராய்வு, அவசரமாகப் பிய்த்தது இவற்றால் வரும் எரிச்சல் ஒட்டிய இடத்தோடு நின்று, ஓரிரு நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும். அரிப்பு தாங்க முடியாமல், கொப்புளத்தோடு, பிளாஸ்டரின் எல்லையையும் தாண்டிப் பரவி, கழற்றிய பிறகும் நாள்கணக்கில் நீடித்தால்தான் அலர்ஜியைச் சந்தேகிக்க வேண்டும். உங்களுக்கு இரண்டாவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கழற்றியவுடன் படம் எடுத்து வையுங்கள். தோல் மருத்துவரைப் பார்க்கும் நாளில் எல்லாம் ஆறிப்போயிருக்கும்.

கேள்வி: பேட்ச் டெஸ்ட் (சந்தேகப் பொருட்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் அலர்ஜிப் பரிசோதனை) செய்துவிட்டேன், ஒன்றும் இல்லை என்கிறார்கள். ஆனால் அரிப்பு நிற்கவில்லை.

பதில்: எதையெதை வைத்துப் பார்த்தார்கள் என்று கேட்டீர்களா? வழக்கமான பட்டியலில் ஐசோபோர்னைல் அக்ரிலேட் என்ற பசை ரசாயனம் இல்லாமல் போகலாம். ஃப்ரீஸ்டைல் லிப்ரே என்ற சர்க்கரை சென்சாரால் தோல் அலர்ஜி வந்தவர்களிடம் இதுதான் காரணம் என்று 2017இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அமெரிக்கத் தோல் மருத்துவர்களின் சங்கம் ஒன்று 2020ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாகவே இதை அறிவித்தது. ஆகவே மருத்துவரிடம் கருவியின் பெயரைச் சொல்லி, இதையும் மற்ற அக்ரிலேட்டுகளையும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். பேட்சை 48 மணி நேரத்தில் எடுப்பார்கள். அத்தோடு முடித்துக்கொள்ளாமல், சில நாள் கழித்தும் ஒருமுறை பார்க்க வேண்டும். தாமதமாகக் காட்டும் ஆட்களும் உண்டு.

காரணம் தெரிந்துவிட்டால் அந்தப் பொருள் இல்லாத கருவிக்கு மாறுவதுதான் தீர்வு. பசையை மாற்றிய தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள், எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: தோலுக்கும் சென்சாருக்கும் நடுவே ஏதாவது ஒட்டினால் போதாதா?

பதில்: எரிச்சலுக்குப் பல பேருக்குப் போதும். தடுப்புப் படலமாகத் துடைக்கும் திரவம் இருக்கிறது. பூசி, முழுக்கக் காய்ந்த பிறகே சென்சாரை ஒட்டவேண்டும். ஈரத்தின் மேல் ஒட்டுவதால்தான் பாதிப் பேருக்குத் தொல்லை என்பது என் எண்ணம். ஹைட்ரோகொலாய்டு பிளாஸ்டர் (புண்ணுக்குப் போடும் ஜெல் வகை பிளாஸ்டர்) இன்னும் தடிமனானது. அதை வைத்தால் ஊசி இறங்கும் இடத்தில் ஓட்டை வெட்டுங்கள். இல்லாவிட்டால் தோலுக்குள் இறங்கும் சென்சார் இழை போதிய ஆழத்துக்குப் போகாது, அளவும் தப்பாகலாம். தயாரிப்பாளர்கள் இதை அங்கீகரிப்பதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். அதனால் புதிதாகப் போட்ட நாட்களில் விரலில் குத்தியும் சரிபாருங்கள்.

உண்மையான அலர்ஜி என்றால் தடுப்பை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். கருவியின் உள்ளே இருக்கும் பசையிலிருந்தும் அந்தப் பொருள் கசிந்து தோலை வந்தடையும்.

கேள்வி: ஆறு வயதுப் பையன். கழற்றும்போது அழுதே வீட்டை இரண்டாக்குகிறான்.

பதில்: பாவம் குழந்தை. மேல்நோக்கி இழுக்காதீர்கள். ஓரத்தில் எண்ணெயைத் தடவிச் சற்று ஊறவிடுங்கள். ஒரு மூலையைத் தூக்கி, தோலை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டரைத் தோலோடு படுக்கவைத்து மெதுவாகச் சுருட்டுங்கள். பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள். எண்ணெய்ப் பசை மிச்சம் இருந்தால் அடுத்தது ஒட்டாது. சிவந்த இடத்திலேயே மறுபடி ஒட்டாமல் இடத்தை மாற்றுங்கள்.

கேள்வி: ஸ்டீராய்டு களிம்பைத் தடவிவிட்டு அதன் மேலேயே ஒட்டலாமா?

பதில்: வேண்டாம், ஒட்டவே ஒட்டாது. கழற்றிய பழைய இடத்தில், மருத்துவர் சொன்ன நாட்கள் மட்டும் தடவுங்கள். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயைத் தோலில் அடித்து ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது அந்த மருந்தின் அங்கீகரித்த பயன்பாடு இல்லை. மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். ஸ்டீராய்டைத் தொடர்ந்து பயன்படுத்தினால் தோல் மெலியும்.

கேள்வி: இன்சுலின் பம்பின் ஊசி போட்ட இடத்தில் சீழ் தெரிகிறது, தொட்டால் சூடாக இருக்கிறது. மூன்றாம் நாள் மாற்றும்வரை பொறுக்கலாமா?

பதில்: பொறுக்காதீர்கள். இது அலர்ஜி இல்லை, கிருமித் தொற்று. இப்போதே கழற்றி, வேறு இடத்தில் புதிய செட் (பம்பின் ஊசிப் பகுதி) போடுங்கள், இன்றே மருத்துவரைப் பாருங்கள். செட் கையில் இல்லையென்றால் பேனா ஊசியிலாவது இன்சுலின் போட்டாக வேண்டும். பம்பில் வேகமாக வேலைசெய்யும் இன்சுலின் மட்டுமே இருப்பதால், அது நின்ற சில மணி நேரத்திலேயே ரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோன் ஏற ஆரம்பித்துவிடும்.