40,000 கிலோமீட்டரில் பிரேக் பேடோடு டிஸ்க்கும் மாற்ற வேண்டுமா?

வண்டி 40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, சத்தமோ அதிர்வோ இல்லை, ஆனாலும் முன்பக்க டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டு), அதை அழுத்திப் பிடிக்கும் பேட் இரண்டையும் சர்வீஸில் மாற்றச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பேட் தேய்ந்திருக்கலாம். டிஸ்க்கை மட்டும் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டிக்கு ஒரு செட் பேட் 70,000 கூடத் தாங்கும். சிக்னலுக்குச் சிக்னல் மிதிக்கிற வண்டிக்கு 30,000-க்குள் தீர்ந்துவிடும். புது பேடில் உராயும் பகுதி சுமார் 10 மி.மீ. இருக்கும். 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். சக்கரத்தின் இடைவெளி வழியாகக் குனிந்து பார்த்தால் வெளிப்பக்க பேட்தான் தெரியும், அதை நம்பாதீர்கள். பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகமான காலிப்பர் நகர்கிற பின் இறுகியிருந்தால் உள்பக்க பேட் முந்திக்கொண்டு தேயும். என் பழைய வண்டியில் வெளியே பாதி மிச்சம், உள்ளே வெறும் தகடு!

டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் பொறித்திருக்கும். அதற்கு மேல் இருந்து, விரிசலோ ஆழமான கோடோ இல்லையென்றால் டிஸ்க் அப்படியே இருக்கட்டும். பொதுவாக இரண்டு செட் பேட் வரை தாக்குப்பிடிக்கும். ஒன்று கவனியுங்கள்: தேய்ந்த டிஸ்க்கின் விளிம்பில் நகம் தட்டுகிற மாதிரி ஒரு மேடு நிற்கும். தாடையால் கவ்வி அளக்கும் சாதாரண வெர்னியரை வைத்தால் அந்த மேட்டின் அளவுதான் வரும். முனையால் தொட்டு அளக்கும் மைக்ரோமீட்டரால் பேட் உராயும் இடத்தில் அளக்க வேண்டும்.

அப்புறம், பேட் மாற்றினால் இடம் வலம் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு, அவசரம் இல்லாமல் அழுத்திப் பிரேக் போடாதீர்கள்.