முதல் சம்பளம் வரும்வரை கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்கலாமா?

அன்புள்ள தம்பி,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து துபாய்க்கு வேலைக்கு வந்து இன்னும் முதல் சம்பளம் கைக்கு வராத நிலையில், அறையில் ஒரு கட்டிலுக்கு முன்பணமும் வாடகையுமாக 2,000 திர்ஹாம் ரொக்கமாகக் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பாலக்காட்டில் வாங்கிய கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் போட்டு அதை எடுத்துவிட்டு, சம்பளம் வந்ததும் கட்டிவிடலாமா என்பது உங்கள் கேள்வி. எடுக்க முடியும், ஆனால் எடுக்காதீர்கள் என்பதே என் பதில். வேலந்தாவளத்திலிருந்து வந்து ஷார்ஜாவில் குடும்பத்தோடு தங்கிவிட்ட நான், நம் பக்கத்துப் பிள்ளைகள் முதல் மாதத்தில் எடுத்த பணத்துக்காக ஆறாம் மாதத்திலும் வட்டி கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கடையில் கார்டைத் தேய்த்துப் பொருள் வாங்கினால், பில் தொகையைக் கெடு தேதிக்குள் முழுவதுமாகக் கட்டிவிடுகிறவருக்கு வட்டி கிடையாது. கார்டு தரும்போது 45 நாள், 50 நாள் அவகாசம் என்று சொல்லியிருப்பார்களே, அது பொருள் வாங்குவதற்கு மட்டும்தான். பெரும்பாலான கார்டுகளில் ரொக்கத்துக்கு ஒரு நாள்கூட அவகாசம் இல்லை. நோட்டு கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். பல இந்திய வங்கிகளின் கார்டுகளில் அந்த வட்டி மாதத்துக்கு 3.5 முதல் 3.75 விழுக்காடு வரை இருக்கிறது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் நூற்றுக்கு மூன்றே முக்கால் ரூபாய் வட்டி. 2014இல் கேரள அரசு 'ஆபரேஷன் குபேரா' என்று பெயரிட்டு, கந்துவட்டிக்குக் கடன் கொடுக்கும் பிளேடுகாரர்களைத் தேடிப் பிடித்த நாள்களில் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்த வட்டியைக் கண்டு பயந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கார்டு வட்டி சட்டப்படியானது என்பதால் அதன் பாரம் குறைந்துவிடாது.

வட்டி மட்டும் என்றாலும் பரவாயில்லை. ஒரு திர்ஹாம் 23 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,000 திர்ஹாம் 46,000 ரூபாய் ஆகிறது. ரொக்கம் எடுத்ததற்கான கட்டணம் 2.5 விழுக்காடு என்றால் 1,150 ரூபாய். வெளிநாட்டு நாணயம் என்பதற்காகச் சேர்க்கும் மார்க்அப் 3.5 விழுக்காடு என்றால் 1,610 ரூபாய். இவ்விரண்டின் மேலும் 18 விழுக்காடு ஜிஎஸ்டி ஏறக்குறைய 497 ரூபாய். 30 நாள் வட்டி 1,725 ரூபாய், அதற்கும் ஜிஎஸ்டி 310 ரூபாய். ஆக, ஒரே மாதத்தில் 5,300 ரூபாய்க்கு அருகே போய்விடுகிறது. இங்கே ஏடிஎம் வைத்திருக்கும் வங்கி பிடிக்கக்கூடிய கட்டணம் இதில் சேரவில்லை. பில் வந்ததும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் மீதிக்கு வட்டி தொடர்வதோடு, நீங்கள் கடையில் வாங்கிய பொருள்களுக்கான வட்டியில்லா அவகாசமும் பறிபோய்விடும். ஆறு மாதம் இழுப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

இதைவிட நல்ல வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. ஊரிலுள்ள உங்கள் சேமிப்புக் கணக்கின் டெபிட் கார்டு வெளிநாட்டில் செல்லுபடியாகும் என்றால், அப்பாவையோ அண்ணனையோ அந்தக் கணக்கில் பணம் போடச் சொல்லி, இங்கே டெபிட் கார்டில் எடுத்துக்கொள்ளுங்கள். மார்க்அப்பும், ஒரு தடவைக்கு நூறு, நூற்றைம்பது ரூபாய் போன்ற கட்டணமும் உண்டு, வட்டி கிடையாது. வீட்டில் பணம் இல்லையென்றால், கூட்டுறவு வங்கியில் நகையை வைத்தாலும் வட்டி நூற்றுக்கு ஒரு ரூபாயை ஒட்டியே இருக்கும். அம்மாவிடம் நகை கேட்பது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்பது தெரியும். ஆனாலும் கார்டுக் கடனைவிட அது எவ்வளவோ மேல். அதற்கும் முன்பாக, உங்கள் கம்பெனியின் கணக்குப் பிரிவில் சம்பள முன்பணம் கேளுங்கள். புதிதாக வந்தவர் கேட்பது இங்கே வழக்கந்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கிரெடிட் கார்டை அறவே தொடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அறையில் ஆறு பேர் சேர்ந்து மெஸ் நடத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். மாத மளிகையை நீங்கள் கார்டில் வாங்கிக்கொடுத்து, மற்றவர்களின் பங்கை ரொக்கமாக வாங்கிக்கொண்டால், மார்க்அப் தவிர வேறு செலவில்லாமல் கையில் பணம் சேரும். பில்லை மட்டும் கெடுவுக்குள் முழுதாகக் கட்டிவிட வேண்டும். ஆனால் கார்டைத் தேய்த்துப் பொருள் தராமல் நோட்டைத் தருகிறோம், கமிஷன் மட்டும் போதும் என்று யாராவது கூப்பிட்டால் போகவே போகாதீர்கள். அது பொய் விற்பனை; சிக்கினால் கார்டும் போகும், பேரும் கெடும்.

எந்தக் கார்டைப் போட்டாலும் ஏடிஎம் திரையை நிதானமாகப் படியுங்கள். தொகையை அழுத்திய பிறகு, இந்திய ரூபாயில் கணக்கிடட்டுமா, திர்ஹாமில் கணக்கிடட்டுமா என்று சில இயந்திரங்கள் கேட்கும். ரூபாய் என்று பார்த்ததும் நமக்குத் தெரிந்த கணக்காயிற்றே என்று கை அங்கேதான் போகும். அங்கே காட்டும் மாற்று விலையில் ஏடிஎம் நடத்துபவர்களுடைய லாபம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது; திர்ஹாமையே தேர்ந்தெடுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியவை இரண்டு. கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு, ஏடிஎம் பயன்பாடு, அவற்றின் வரம்பு ஆகியவற்றை நாமே திறக்கவும் மூடவும் வசதி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020இல் உத்தரவிட்டது. வங்கிச் செயலியில் கிரெடிட் கார்டின் ஏடிஎம் பயன்பாட்டை மூடிவிடுங்கள். கடைப் பயன்பாட்டுக்கு மட்டும் சிறிய வரம்பு வையுங்கள். ஓடிபி உங்கள் இந்திய எண்ணுக்கே வரும் என்பதால் அந்த சிம்முக்கு ரீசார்ஜ் தவறவிடாதீர்கள்.

ஒருவேளை இதைப் படிப்பதற்குள் பணத்தை எடுத்துவிட்டீர்கள் என்றால், பில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வட்டி நாள் கணக்கில் ஏறுவதால், ஊரிலிருந்து எவ்வளவு வருகிறதோ அவ்வளவையும் உடனே கார்டில் கட்டுங்கள். முழுதும் கட்டிய பிறகும், இடைப்பட்ட நாள்களின் வட்டி அடுத்த பில்லில் ஒரு சிறு தொகையாக வரக்கூடும். முடித்துவிட்டோமே என்று அதை விட்டுவிடாமல், பார்த்த அன்றே கட்டிவிடுங்கள்.