குரோசேயில் பின்னிய மான் ஏன் குட்டையாகிறது?

கேள்வி: தங்கச்சிக்கு மார்கழியில் பிள்ளை பிறக்க இருக்கிறது. எங்கள் பிரட்றிக் கோட்டையில் திரியும் புள்ளிமானைப் படமாக வைத்து ஒரு குரோசே போர்வை பின்னி, துடக்குக் கழிவன்று கொடுக்க ஆசை. மேசை விரிப்பு, தொப்பி எல்லாம் பின்னிப் பழக்கம் உண்டு. படம் பின்னுவது இதுதான் முதல் தடவை. மகனின் கணக்குக் கொப்பியில் கட்டம் கட்டமாகக் கொம்பு மான் ஒன்றை வரைந்து, தலையை மட்டும் பின்னிப் பார்த்தேன். கொப்பியில் நீண்டிருந்த முகம் துணியில் சப்பையாகிவிட்டது. கொம்பிருந்த இடம் கறை பிடித்ததுபோல இருக்கிறது. நூல் எவ்வளவு வாங்குவதென்றும் தெரியவில்லை.
— வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: பிழை உங்கள் கையில் இல்லை, கொப்பியின் கட்டத்தில் இருக்கிறது. அந்தக் கட்டம் சரிசதுரம். சிங்கிள் குரோசேத் தையலோ உயரத்தைவிட அகலம் கூடியது. சதுரக் கட்டத்தில் வரைந்த எந்தப் படமும் இந்தத் தையலில் குட்டையாகத்தான் வரும். எவ்வளவு குட்டையாகும் என்பது நூலையும் ஊசியையும் உங்கள் கை இறுக்கத்தையும் பொறுத்தது. அதனால் முதலில் அளவுத்துண்டு (அளந்து பார்க்கப் பின்னும் சிறு மாதிரி), பிறகுதான் வரைபடம். (சிங்கிள் என்று நாம் சொல்வது அமெரிக்க வழக்கு. பிரித்தானிய முறைப் புத்தகங்களில் இதே தையலுக்கு டபுள் என்று பெயர். இரண்டையும் குழப்பினால் தையல் உயர்ந்து, மான் ஒட்டகச்சிவிங்கியாகிவிடும்.)

8 பிளை கொட்டன் நூலும் 4 மி.மீ. ஊசியும் இந்த வேலைக்குச் சரி. 15 செ.மீ. சதுரமாக ஒரு துண்டு பின்னுங்கள். அதை இரண்டு நிறத்தில் பின்னவேண்டும். பாவிக்காத நிறத்தை வரிசையின் மேல் படுக்க வைத்து, தையலுக்குள் மூடிக்கொண்டே போங்கள். உள்ளே மறையும் நூல் தையலைச் சற்றுப் பருமனாக்கும் என்பதால், ஒற்றை நிறத்தில் பின்னிய துண்டின் அளவு படப் பின்னலுக்குப் பொருந்தாது. துண்டைக் கழுவிக் காயவைத்த பிறகே அளக்கவேண்டும். கொட்டன் முதல் கழுவலில் சுருங்கலாம். ஓரங்களை விட்டுவிட்டு நடுவில் 10 செ.மீ. அளந்து, குறுக்கே எத்தனை தையல், நெடுக்கே எத்தனை வரிசை என்று எண்ணுங்கள்.

16 தையல், 20 வரிசை என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு தையல் 6.25 மி.மீ. அகலம், 5 மி.மீ. உயரம். கொப்பியில் 60 கட்டம் அகலமும் 80 கட்டம் உயரமுமாக மானை வரைந்திருந்தால், துணியில் அது 37.5 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். உண்மையில் 50 செ.மீ. உயரம் வந்திருக்கவேண்டும். 20ஐ 16ஆல் வகுத்தால் 1.25, அதை 80ஆல் பெருக்கினால் 100. அதே மானுக்கு 100 வரிசை வேண்டும் என்பது கணக்கு.

நாலு வரிசைக்கு ஒரு வரிசையை இரட்டிப்பாக்கினால் போதாதா என்று கேட்பீர்கள். உடம்புக்குப் போதும். முகம், காது, கால் போன்ற வளைவுகளில் படிக்கட்டு விழும். கணினியில் எக்செல் இருந்தால் நிரலின் அகலத்தை 25 பிக்சல், நிரையின் உயரத்தை 20 பிக்சல் என்று வைத்துக் கட்டங்களுக்கு நிறம் பூசுங்கள். கணினி இல்லாவிட்டால் வெள்ளைத்தாளில் 5 மி.மீ. அகலம், 4 மி.மீ. உயரமாக நீங்களே கோடு போடலாம். கண்ணுக்குச் சரியாகத் தெரியும் மான் துணியிலும் சரியாகவே வரும்.

கொம்பிருந்த இடம் கறையாகத் தெரிவதற்குக் காரணம் வேறு. மண்ணிற நூலை வெளிர்நிறத் தையல்களுக்குள் மறைத்துக் கொண்டுபோயிருப்பீர்கள். கடும் நிறம் வெளிர்நிறத்தினூடாக நிழலாகத் தெரியும். வெளிர் நூலைக் கடும் நிறத்துக்குள் மறைப்பதில் தொந்தரவு குறைவு, மறுவளமாகச் செய்யக்கூடாது. மானின் ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியாக 5, 6 மீற்றர் மண்ணிற நூலை உடுப்புக் கிளிப்பில் சுற்றி வைத்துக்கொண்டு, கால் முடிந்ததும் அதை மறுபக்கத்தில் தொங்கவிடுங்கள். பின்னணிக்கு மானின் இடப்பக்கம் ஓர் உருண்டை, வலப்பக்கம் ஓர் உருண்டை. கிளிப்புகள் சிக்குப்படும்தான். இரண்டு வரிசைக்கு ஒருமுறை பிரித்துவிட்டால் சமாளிக்கலாம்.

கொம்பையே விட்டுவிடுங்கள் என்பது எங்கள் யோசனை. புள்ளிமானில் ஆணுக்குத்தான் கொம்பு. புள்ளியோ ஆண், பெண், குட்டி எல்லாவற்றுக்கும் உண்டு, வளர்ந்தாலும் மறையாது. பெண்மானும் குட்டியுமாக வரைந்தால் கோட்டை மான் என்பது யாருக்கும் விளங்கும், பிள்ளைப் போர்வைக்கும் அது பொருத்தம். கொம்பு கட்டாயம் வேண்டுமென்றால் பின்னலுக்குள் கொண்டுவராமல், போர்வை முடிந்தபின் மேலே சிலிப் தையலால் கோடாகப் போடுங்கள். வெள்ளைப் புள்ளிகளுக்கும் இதே வழிதான்: ஒரு புள்ளிக்கு ஒரு தையல் என்று வெள்ளை நூலை ஒவ்வொரு வரிசையிலும் இழுத்துத் திரியாமல், கடைசியில் தையலின் மேல் குறுக்குத் தையல் போட்டுவிடலாம். கண்ணையும் நூலாலேயே தையுங்கள். பொத்தானும் மணியும் பிள்ளையின் வாய்க்குப் போகும்.

80 செ.மீ. அகலம், 100 செ.மீ. நீளம் போதுமான அளவு. மேலே சொன்ன அளவுத்துண்டின்படி 128 தையல், 200 வரிசை, மொத்தம் 25,600 தையல். நிமிடத்துக்கு 15 தையல் போட்டாலும் 28 மணித்தியாலம் பிடிக்கும். நிறம் மாற்றுவது, சிக்கெடுப்பது, பிரித்துப் பின்னுவது எல்லாம் சேர்த்து இரட்டிப்பாக எண்ணிக்கொள்ளுங்கள். அவ்வளவு நேரமில்லையென்றால் மூலையிலிருந்து மூலைக்குப் பின்னும் முறை இருக்கிறது. மூன்று சங்கிலியும் மூன்று டபுள் குரோசேயும் (இதுவும் அமெரிக்க வழக்கு) சேர்ந்து ஒரு கட்டம். அது கிட்டத்தட்டச் சதுரமாகவே வருவதால் கணக்குக் கொப்பி படத்துக்கு அப்படியே உதவும். கட்டம் 1.7 செ.மீ. என்றால் 47க்கு 59, மொத்தம் 2,773 கட்டம்தான். ஆனால் அவ்வளவு பெரிய கட்டத்தில் மானின் கால் ஒற்றைக் கட்டமாகி மரக்குற்றிபோல நிற்கும். கோணேசர் மலை, கடல், வள்ளம் என்று பெரிய உருவங்களுக்கு அது நல்ல முறை. மானுக்குச் சிங்கிளே அழகு.

நூல் கணக்குக்கும் அதே அளவுத்துண்டுதான். சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுங்கள். இல்லாவிட்டால் தெரிந்த நகைக்கடையில் கேட்டுப்பாருங்கள், கிராமுக்குக் கீழும் சொல்வார்கள். 15 செ.மீ. சதுரம் 225 சதுர செ.மீ., போர்வை 8,000 சதுர செ.மீ. துண்டு 13.5 கிராம் என்றால் 8,000ஐ 225ஆல் வகுத்து 13.5ஆல் பெருக்க, 480 கிராம். நூல் நுனிகளுக்கும் கரைக்கும் கால்பங்கு கூட்டி 600 கிராம் வாங்குங்கள். நிறவாரியாகப் பிரிக்க, வரைபடத்தில் அந்த நிறக் கட்டங்களை எண்ணுங்கள்: மண்ணிறம் 3,200 கட்டம் என்றால் மொத்தத்தில் எட்டிலொரு பங்கு, 75 கிராம். பின்னணி நிறத்தை மட்டும் ஒரே தடவையில், சுற்றுத்தாளில் ஒரே சாய எண் உள்ளதாகப் பார்த்து வாங்கவேண்டும். இங்கே கடையில் முடிந்துபோய்ப் பிறகு கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து எடுப்பித்தால், அதே நிறப் பெயரிலேயே வேறு சாயல் வந்து போர்வை நடுவில் கோடு விழும்.

நிறம் தெரிவுசெய்யும்போது நூல்களைப் பக்கத்தில் வைத்துக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுங்கள். மண்ணிறமும் இலைப்பச்சையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், தூர நின்று பார்க்கும்போது மான் புல்லுக்குள் கரைந்துவிடும். வெளிர் மஞ்சளோ வெளிர் நீலமோ பின்னணிக்கு எடுக்கலாம். கடும் நிற நூலில் ஒரு முழத்தை வெதுவெதுப்பான நீரில் நனைத்து வெள்ளைத்துணியில் சுற்றிவையுங்கள். சாயம் இறங்கினால் அந்த நூல் வேண்டாம்.

பின்னத் தொடங்கும்போது 129 சங்கிலி. ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் முதல் தையல். சங்கிலிக்கு மட்டும் 4.5 மி.மீ. ஊசி எடுத்தால் அடி ஓரம் சுருங்காது. வரைபடத்தை அடியிலிருந்து மேலே, ஒற்றை வரிசைகளை வலமிருந்து இடமாகவும் இரட்டை வரிசைகளை இடமிருந்து வலமாகவும் வாசிக்கவேண்டும். இடக்கைக்காரருக்கு இது அப்படியே மாறும். நிறம் மாற்றுவது புதிய தையலில் அல்ல, அதற்கு முந்திய தையலின் கடைசி இழுப்பில்: ஊசியில் இரண்டு வளையம் நிற்கும்போது புதிய நிறத்தைக் கொழுவி இழுங்கள். ஒரு தையல் பிந்தினால் அடுத்த தையலின் தலையில் பழைய நிறம் ஏறி, மானின் விளிம்பு பிய்ந்ததுபோலத் தெரியும். திருப்பிப் பின்னும் வரிசைகளில் மறுபக்கம் உங்கள் முகத்தைப் பார்த்திருக்கும். விடும் நூலை முன்னுக்கு, உங்கள் பக்கமாக எடுத்துவிட மறக்கவேண்டாம். ஒவ்வொரு வரிசை முடிவிலும் 128 இருக்கிறதா என்று எண்ணுங்கள். ஓரத்தின் கடைசித் தையலைத் தவறவிடுவதால்தான் போர்வை மேலே போகப்போக ஒடுங்குகிறது.

நுனிகளை 15 செ.மீ. விட்டு வெட்டி, தையல் ஊசியால் ஒரு திசையில் ஓட்டி, திரும்ப எதிர்த்திசையில் ஓட்டுங்கள். முடிச்சுப் போட்டுக் கிட்ட வெட்டினால் கழுவும்போது அவிழ்ந்து முன்பக்கம் எட்டிப்பார்க்கும். மறுபக்கத்தில் தொங்கும் நூல் எதுவும் பிள்ளையின் விரலில் மாட்டக்கூடியது. ஆகவே பழைய நூல்சேலைத் துண்டொன்றைக் கழுவிச் சுருங்கவைத்து உள்துணியாகத் தைத்துவிடுங்கள். ஓரத்தோடு நிறுத்தாமல் 20 செ.மீ.க்கு ஒரு பிடி உள்ளேயும் போட்டால் துணி தொங்காது.

ஒன்றைத் தங்கச்சியிடம் சொல்லியே கொடுங்கள்: ஒரு வயதுவரை தூங்கும் பிள்ளையின் மேலோ ஏணைக்குள்ளோ இதைப் போடக்கூடாது, முகத்தை மூடினால் விலக்கப் பிள்ளைக்குத் தெரியாது. விழித்திருக்கும்போது நிலத்தில் விரித்துக் குப்புறப் போட, மடியில் வைத்திருக்க உதவும்.

துடக்குக் கழிவு தை மாதமளவில் வரும், அப்போதும் எங்கள் பக்கம் மழை விட்டிராது. கடைசிக் கழுவலுக்கும் அளவுக்கு இழுத்துக் காயவைப்பதற்கும் நாலைந்து நாள் ஒதுக்குங்கள். பாயில் பரப்பி, துருப்பிடிக்காத குண்டூசியால் குத்தி, மின்விசிறிக்குக் கீழே காயவிடவேண்டும். கடற்காற்றில் சாதாரண ஊசி துருவேறிக் கறை விடும். கொடியில் தொங்கவிட்டால் நனைந்த கொட்டனின் பாரத்துக்குப் போர்வை நீண்டு, கஷ்டப்பட்டுச் சரிசெய்த மான் இம்முறை மெலிந்துபோகும். நன்றாகக் காய்ந்த பிறகும் பொலித்தீன் பையில் கட்டவேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். துணிப்பையே போதும்.