பொம்மைத் தொழில் சங்கங்கள் வருடம் முழுக்க என்ன செய்கின்றன? சிங்கப்பூர் தேக்காவில் சிறு கடை வைத்திருப்பவருக்கு அதனால் என்ன பயன்?

கண்ணுக்குத் தெரிவது கண்காட்சியும் விருதும். ஜனவரியில் ஹாங்காங், மாத இறுதியில் ஜெர்மனியின் நியூரம்பெர்க். தீபாவளிச் சரக்குக்கு அலைபவர் அங்கேயே பேச்சைத் தொடங்கிவிடலாம். ஆனால் உண்மையான உழைப்பு தரவிதிகளில்தான். 1916இல் தொடங்கிய அமெரிக்கச் சங்கம், ஏஎஸ்டிஎம் எஃப்963 என்ற அமெரிக்கப் பொம்மைப் பாதுகாப்புத் தரத்தைத் திருத்தும் குழுவில் உட்காருகிறது. கடைசிப் பெரிய திருத்தம் 2023இல் வந்தது.

இது உங்கள் கடைக்கும் வரும். சிங்கப்பூரின் 2011 நுகர்பொருள் பாதுகாப்பு விதிகள் ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தரங்களையும் ஐரோப்பிய, ஏஎஸ்டிஎம் தரங்களையும் ஏற்கின்றன. விற்குமுன் பொம்மையைப் பதிவு செய்யச் சொல்வதில்லை, பொறுப்பு விற்பவர் தலையில்.

ஓர் உதாரணம், சிறு பாகச் சோதனை. 31.7 மி.மீ. விட்டமுள்ள உருளை, அடிப்பகுதி சாய்வு, ஆழம் 25.4இலிருந்து 57.1 மி.மீ. வரை. கீழே போட்டு, முறுக்கி, இழுத்த பிறகு கழன்ற கண்ணோ சக்கரமோ அழுத்தாமலே அதற்குள் முழுதாக அடங்கினால், மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொம்மை தோல்வி. ‘3+’ என்று ஸ்டிக்கர் ஒட்டித் தப்பலாம் என்று நினைக்காதீர்கள்: கிலுகிலுப்பை எந்த ஸ்டிக்கரோடும் கிலுகிலுப்பைதான்.

பலர் சறுக்குவது சோதனை அறிக்கையில். மாடல் எண் வேறு, படத்திலுள்ள நிறம் வேறு, தேதி தரத்தின் பழைய பதிப்புக்குரியது. சாயம் மாறினால் ஈயச் சோதனையும் புதிதாக வேண்டும். முன்பணம் கட்டுமுன் அறிக்கையைக் கேளுங்கள், பெட்டி துறைமுகத்துக்கு வந்தபின் அல்ல.