பதினாறு பேர்தான் வந்தார்களா? போட்டியை நடத்துங்கள்: சிறுவர் சதுரங்கம், கேள்வி பதில்

தென்மாவட்டங்களில் சின்னச் சின்னப் போட்டிகளுக்கு ஆர்பிட்டராக, அதாவது நடுவராகப் போய்வருகிறேன். ஆள் வராத போட்டிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

உடற்கல்வி ஆசிரியர், கோவில்பட்டி: சார், நூறு பேர் வருவார்கள் என்று மண்டபம் பிடித்தோம். ஞாயிற்றுக்கிழமை போட்டி, இன்று வியாழன், பதிவு 14தான். ரத்து செய்துவிடலாமா?

வேண்டாம் சார். நம்ம பக்கம் பெற்றோர் வெள்ளி, சனி ராத்திரிதான் ஜிபே பண்ணுவார்கள், அதுவரை “பார்க்கலாம்” என்பார்கள். அப்படி யாருமே சேராவிட்டாலும் 14 பேருக்கு ஐந்து சுற்று சுவிஸ் தாராளமாக ஓடும். சுவிஸ் என்றால் யாரையும் வெளியேற்றாமல், ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளி உள்ளவர்களை மோதவிடும் முறை. அதில் ஒரு சுற்று கூடினால் தாங்கும் ஆள் எண்ணிக்கை இரட்டிப்பாகும்: நான்கு சுற்றுக்கு 16 பேர், ஐந்து சுற்றுக்கு 32 பேர் வரை முழுப் புள்ளியோடு ஒருவர்தான் நிற்க முடியும். ஆக உங்களுக்கு ஐந்து சுற்றே அதிகப்படி. ரத்து செய்தால் பணம் கட்டிய 14 வீட்டுக்காரர்களும் அடுத்த முறை உங்கள் நோட்டீஸைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், அதுதான் பெரிய நஷ்டம்.

கிளப் செயலாளர், தென்காசி: அண்ணா, 9 வயதுக்குட்பட்டோரில் 3 பேர், 11இல் 5, 13இல் 6, 15இல் 2. நான்கு பிரிவுக்கும் கோப்பை அறிவித்துவிட்டோம். எப்படி நடத்துவது?

தம்பி, உங்கள் எண்ணிக்கையைப் பார்த்ததும் சந்தோஷமாகிவிட்டது. முதல் இரண்டு பிரிவைச் சேர்த்தால் 8, அடுத்த இரண்டைச் சேர்த்தால் 8. இரண்டு குழுவிலும் ரவுண்ட் ராபின், அதாவது எல்லோரும் எல்லோரோடும். ஆளுக்கு ஏழு ஆட்டம். முந்நூறு பேர் வரும் பெரிய போட்டியில்கூட ஒரு பிள்ளைக்கு இவ்வளவுதான் கிடைக்கும், சில இடங்களில் இதுவும் கிடைக்காது.

பதினாறு பேரையும் ஒரே சுவிஸில் போடலாம், நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்குப் பிடிக்காது. சுவிஸில் ஆட்களைப் பலத்தின்படி வரிசைப்படுத்தி, முதல் சுற்று மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் நடக்கும். மூன்றாம் வகுப்புப் பையன் எதிரே மீசை முளைத்த அண்ணன் வந்து உட்காருவான், பத்தாவது நகர்த்தலில் ராணி போய்விடும், பிள்ளை அம்மாவைத் தேட ஆரம்பிக்கும். மூன்றாவது சுற்றுக்குமேல் சமமான ஆட்கள் வருவார்கள் என்பது உண்மைதான், ஆனால் அதற்குள் இரண்டு மூன்று பேர் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள்.

நேரக் கணக்கு: ஆளுக்கு 10 நிமிடம், நகர்த்தலுக்கு 5 விநாடி கூடுதல். ஆட்டம் அறுபது நகர்த்தல் போனாலும் அரை மணிக்குள் முடியும். சுற்றுக்கு 40 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் மதியத்துக்குள் நான்கு சுற்று, சாப்பிட்டு வந்து மூன்று. ஒரு மணிக்குத் திரும்ப உட்காரவைத்தால் மூன்று மணிக்கு ஆட்டம் முடிந்துவிடும்.

கோப்பைகளை அறிவித்தபடி பிரிவுவாரியாகவே கொடுங்கள். 15 வயதுப் பிரிவில் இரண்டே பேர், இரண்டு பேருக்கும் கோப்பையா என்று யாராவது முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

பயிற்சியாளர், ராஜபாளையம்: 7 பேரை வைத்துச் சுவிஸில் 6 சுற்று ஆரம்பித்தோம். ஐந்தாவது சுற்றுக்கு மேல் சாஃப்ட்வேர் பேரிங் (யாரோடு யார் என்ற ஜோடி) போட மறுத்துவிட்டது. கோளாறா?

சாஃப்ட்வேர் மேல் பழி போடாதீர்கள். சுவிஸில் ஒரே ஜோடி இரண்டாம் முறை மோதக்கூடாது, ஒருமுறை பை (எதிராளி இல்லாமல் ஆடாமலே கிடைக்கும் புள்ளி) வாங்கியவருக்கு மறுபடி பை கிடையாது. ஏழு பேருக்குள் ஐந்து சுற்று போனபின் சில சமயம் மிச்சம் இருப்பவர்களை எப்படிக் கோர்த்தாலும் இடிக்கும். பத்துப் பேருக்குக் கீழே என்றால் சாஃப்ட்வேரை மூடிவிட்டு, ரவுண்ட் ராபினுக்கென்றே தயாராக இருக்கும் பெர்கர் அட்டவணையை எடுங்கள்.

ஆறு பேருக்கு இங்கேயே எழுதிவிடுகிறேன், முதலில் வரும் எண்ணுக்கு வெள்ளை. முதல் சுற்று 1-6, 2-5, 3-4. இரண்டாவது 6-4, 5-3, 1-2. மூன்றாவது 2-6, 3-1, 4-5. நான்காவது 6-5, 1-4, 2-3. ஐந்தாவது 3-6, 4-2, 5-1. சீட்டுக் குலுக்கி எண் கொடுத்துவிட்டுச் சுவரில் ஒட்டிவிட்டால் அடுத்து யாரோடு என்று பிள்ளைகளே பார்த்துப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். ஐந்து பேர்தான் என்றாலும் இதே அட்டவணை, 6 வரும் இடத்தில் ஓய்வு.

ஒரு அம்மா, விருதுநகர்: என் பையனுக்கு எட்டு வயது. முதல் சுற்றிலேயே “பை” என்று சொல்லி ஒரு மணி நேரம் சும்மா உட்காரவைத்தார்கள். புள்ளி கொடுத்தாலும் அழுதுகொண்டே இருந்தான்.

அழத்தான் செய்வான் அம்மா, ஆடத்தானே வந்தான். ஒற்றைப்படையில் ஆள் வந்தால் ஒருவருக்கு பை கொடுத்தே ஆகவேண்டும், அது வரிசையில் கடைசியில் இருப்பவருக்குத்தான் போகும். பெரும்பாலும் அங்கே இருப்பது சின்னப் பிள்ளைதான். நடத்துபவர்களுக்குச் சொல்கிறேன்: ரேட்டிங் (ஆட்ட பலத்தைக் காட்டும் எண்) இல்லாத போட்டி என்றால் உள்ளூர்ப் பையன் ஒருவனைப் பரிசுக் கணக்கில் சேராதவனாகத் தயாராக வைத்திருங்கள். எண்ணிக்கை ஒற்றையானால் அவன் உட்காருவான், இரட்டையானால் எழுந்துவிடுவான். அவனுக்கு மதியச் சாப்பாடும் ஒரு சான்றிதழும் போதும்.

கிளப் செயலாளர், சாத்தூர்: ஃபிடே (உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு) ரேட்டிங் போட்டியாக அறிவித்தால் கூட்டம் வருமா?

வரும், செலவும் சேர்ந்து வரும். முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும், தகுதியுள்ள ஆர்பிட்டர்கள் வேண்டும். அதைவிட முக்கியம், ரேட்டிங் இல்லாத பிள்ளைக்கு ரேட்டிங் வர, ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டமாவது ஆடியிருக்கவேண்டும். 2024 மார்ச்சிலிருந்து அடிமட்டம் 1400, அதற்குக் கீழே கணக்கு வந்தால் பட்டியலிலேயே பெயர் ஏறாது. உங்கள் ஊரில் ரேட்டிங் உள்ள பிள்ளைகள் நான்கு பேர்தான் என்றால் யாருக்காக இந்தச் செலவு? முதலில் இரண்டு மூன்று சாதாரணப் போட்டி நடத்திப் பாருங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: நோட்டீஸில் பரிசுத்தொகை 10,000 ரூபாய் என்று போட்டோம். கட்டணம் 300, வந்தது 20 பேர். பாதியாகக் குறைக்கலாமா?

கூடாது. வசூல் 6,000, கையிலிருந்து 4,000 போகும், மண்டப வாடகை தனி. வலிக்கும்தான். ஆனாலும் நோட்டீஸில் அச்சிட்டதைக் கொடுத்தே ஆகவேண்டும். மேடையில் உறையைப் பிரித்த அப்பா ஒருவர் போதும், சாயந்தரத்துக்குள் எல்லா வாட்சாப் குரூப்புக்கும் போய்விடும். அடுத்த முறை தொகையே போடாதீர்கள். வருகிற எல்லோருக்கும் மெடல், முதல் மூன்று பேருக்குக் கோப்பை என்று போடுங்கள். ரொக்கத்துக்கு வெளியூரிலிருந்து வந்து அள்ளிக்கொண்டு போகிறவர்களும் குறைவார்கள், உள்ளூர்ப் பிள்ளைகள் தைரியமாக வருவார்கள்.

ஆசிரியை, சங்கரன்கோவில்: மாமல்லபுரத்தில் 2022இல் ஒலிம்பியாட் நடந்தது, 2024இல் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். தெருவுக்குத் தெரு கோச்சிங். அப்புறம் ஏன் ஆள் வரவில்லை?

பிள்ளைகள் இருக்கிறார்கள் டீச்சர், தேதிதான் தப்பு. மாவட்டச் சதுரங்கக் கழகத்தின் போட்டி அதே ஞாயிறா, மறுநாள் பரீட்சையா, பெரிய முகூர்த்தமா என்று பார்க்காமல் மண்டபம் கிடைத்த நாளில் வைத்துவிடுகிறோம். ஆடி மாதம் முகூர்த்தம் இல்லை, மண்டபம் காலியாகக் கிடக்கும், வாடகை பேசலாம். ஆனால் உங்கள் பக்கம் ஆடித்தபசு வந்துவிடும், அந்த வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அப்புறம் நோட்டீஸில் முடியும் நேரத்தைப் போடுங்கள். “காலை 9 மணிக்கு” என்று மட்டும் பார்த்தால், ராத்திரி எட்டு மணி வரை காத்துக் கிடக்கவேண்டுமே என்று பெற்றோர் பயப்படுவார்கள். பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்குவதற்கும் பாதிக் காரணம் இதுதான்.

மறுபடி கோவில்பட்டி ஆசிரியர்: சார், நூறு சான்றிதழ் அச்சடித்துவிட்டோமே, மிச்சத்தை என்ன செய்ய?

தேதி அச்சாகியிருக்கிறதா? இல்லையென்றால் பீரோவில் வைத்து அடுத்த போட்டிக்கு எடுங்கள். இருந்தால் பின்பக்கம் ஸ்கோர் எழுத ஆகும்.