அழுத்தாமலே வரும் கறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து 44 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்று மாதமாக இடது மார்புக் காம்பில் ஏதோ கசிகிறதாம். காலையில் பார்த்தால் உள்ளாடையில் 20 சென் நாணய அளவுக்குப் பழுப்புக் கறை. வலி இல்லை, கட்டியும் கைக்குப் படவில்லை. கடைசிப் பையனுக்கு 11 வயது. "பழைய பால்தான், தானா வத்திடும்னு மாமியார் சொல்றாங்க. ஒருநாள் சம்பளத்தை விட்டுட்டு கிளினிக்குப் போகணுமா டாக்டர்?"

போகணும்மா. இந்த வாரமே போங்க.

மாமியார் சொல்வது முழுக்கத் தப்பில்லை. பால் மறக்கடித்த பிறகும் சிலருக்கு இரண்டு வருடம் வரை துளித்துளியாகப் பால் வருவதுண்டு. 11 வருடம் கழித்து, ஒரே பக்கம், அதுவும் பழுப்பாக வந்தால் அது பழைய பால் கணக்கில் சேராது.

கசிவு என்றாலே புற்று என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான கசிவுக்குக் காரணம் சாதாரணமானது. இரண்டு பக்கமும், பல துளைகளிலிருந்து, அழுத்தினால் மட்டும் வருகிற வெள்ளை, மஞ்சள், பச்சை நீர் பொதுவாக ஆபத்தில்லை. மாதவிடாய் நிற்கும் வயதில் பால் குழாய்கள் விரிந்து கெட்டியான பச்சை நீர் வருவதுண்டு. இரண்டு பக்கமும் பால் போலவே வந்தால் முதலில் கர்ப்பமா என்று பார்ப்போம்; பிறகு தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை. வாந்திக்குத் தரும் மாக்சலோன், வயிற்றுக்குத் தரும் மோட்டிலியம், சில மனநல மாத்திரைகள்கூட பால் சுரக்க வைக்கும். அதோடு மாதவிடாய் நின்று, தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்தால் மூளையடிச் சுரப்பியைப் பார்க்க வேண்டியிருக்கும்.

நாங்கள் உஷாராவது வேறு இடத்தில். அழுத்தாமலே வருவது, ஒரே மார்பில், ஒரே துளையில் வருவது, ரத்தமாகவோ பழுப்பாகவோ தண்ணீர் போலத் தெளிவாகவோ இருப்பது. இப்படி வருவதிலும் அடிக்கடி காண்பது குழாய்க்குள் முளைக்கும் பாப்பிலோமா என்ற சின்னக் கட்டிதான், அது புற்றல்ல. ஆனால் புற்றின் தொடக்கமும் இதே மாதிரி கசியும், அதுவும் வலிக்காது. வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிக்க என்னாலும் முடியாது.

ஒரு வெள்ளை டிஷ்யூவைக் காம்பில் லேசாக ஒற்றிப் பாருங்கள். கறுப்பாகத் தெரிந்த நீர் டிஷ்யூவில் பரவும்போது ஓரம் பச்சையானால் அது ரத்தமில்லை. சிவப்பாகவோ துரு நிறமாகவோ நின்றால் ரத்தம். காம்பைக் கடிகாரமாக நினைத்து, எத்தனை மணி இடத்துத் துளையிலிருந்து வருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். இதற்கு மேல் தினமும் பிதுக்கிப் பார்க்காதீர்கள். பிதுக்கப் பிதுக்க நல்ல மார்பும் சுரக்கும்.

அரசாங்க கிளினிக்கில் செலவு ஒரு ரிங்கிட். கூச்சமாக இருந்தால் கவுண்டரில் 'டோக்டர் பெரம்புவான்' (பெண் டாக்டர்) வேண்டும் என்று கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். உங்கள் வயதுக்கு மம்மோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் இரண்டும் தேவை. அதற்கும் சர்ஜனைப் பார்க்கவும் கடிதம் தந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் கசிவு நிற்காவிட்டால் திரும்பப் போங்கள். பாப்பிலோமா சில சமயம் படத்தில் ஒளிந்துகொள்ளும்.

காம்பு உள்ளே இழுத்துக்கொண்டாலோ, ஒரு பக்கக் காம்பில் மட்டும் ஆறாத சொறி இருந்தாலோ அதையும் சொல்லுங்கள். காய்ச்சலோடு மார்பு சிவந்து சீழ் வந்தால் அன்றே போக வேண்டும். ஆண்களுக்குக் காம்பில் எந்தக் கசிவு வந்தாலும் காட்டிவிட வேண்டும், தோட்டத்து ஆண்கள் இதை வாயைத் திறந்து சொல்வதே இல்லை.

போகும்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கறை பட்ட உள்ளாடை ஒன்றையும் துவைக்காமல் பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.